புதன்கிழமையைத் தள்ளிப்போடாதீர்கள்

குமரி மாவட்டத்து அருமனையிலும் சுற்றுவட்டாரத்திலும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். தட்டம்மைக்கோ போலியோவுக்கோ இந்த வாரம் உங்கள் பிள்ளைக்குப் போட வேண்டியது எதுவோ, அதை இந்த வாரமே போட்டுவிடுங்கள். “ஊசியில்லாத தடுப்பு மருந்து வருதாம்லா, தோலுல ஒட்டுனாப் போதுமாம். அதுக்குள்ள எதுக்குப் பிள்ளையப் போட்டு அழ வைக்கணும்?” என்று சந்தையில் ஒருவர் கேட்டார். விவரம் தெரியாதவர் இல்லை. மகள் நர்சிங் படித்து வளைகுடாவில் வேலை பார்க்கிறாள், பேரன் இவர் வீட்டில் வளர்கிறான். அவனுக்கு ஒன்பதாம் மாத ஊசி போட வேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது.

அவர் படித்த செய்தி பொய்யாக இருந்திருந்தால் மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அது உண்மை. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் 45 பெரியவர்கள், ஒன்றேகால் வயதையொட்டிய 120 குழந்தைகள், ஒன்பது பத்து மாதமான 120 கைக்குழந்தைகள் என்று மூன்று கூட்டத்தாரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான மருந்தை ஒரு சின்ன ஒட்டுப்பட்டையில் வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பட்டையின் உள்பக்கம் முழுக்க ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்முட்கள். முள்ளில் மருந்து தடவியிருக்கவில்லை, மருந்தே முள்ளாக உறைந்திருக்கிறது. மணிக்கட்டில் ஒட்டி ஐந்து நிமிடம் வைத்தால் தோலின் ஈரத்தில் முள் கரைந்து மருந்து உள்ளே போய்விடும். 2024 ஏப்ரலில் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. பட்டை ஒட்டிய கைக்குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தட்டம்மைக்கும், எல்லோருக்குமே ரூபெல்லாவுக்கும் ஒரே தடவையில் பாதுகாப்பு கிடைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், காவி தடுப்பூசிக் கூட்டணி ஆகியவை சேர்ந்து 2020-இலேயே தடுப்பு மருந்துத் துறையின் புதுமைகளில் இந்தப் பட்டைக்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தன. ஐஸ் பெட்டியை நம்பியே இருக்க வேண்டாம், ஊசி போடப் பழகிய கை வேண்டாம், குத்திய ஊசியை எங்கே கொட்டுவது என்ற தொல்லை இல்லை. நல்ல காரியம்தான். வரட்டும்.

ஆனால் அது உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றைக்கு இல்லை, மார்த்தாண்டத்தில் எந்த மருந்துக்கடையிலும் இல்லை. இருநூற்றைம்பது முன்னூறு பேரிடம் பார்த்ததை ஆயிரக்கணக்கானவர்களிடம் பார்க்க வேண்டும், கோடிக்கணக்கில் செய்யத் தொழிற்சாலை வேண்டும், அனுமதி வேண்டும், அரசு வாங்கக்கூடிய விலை வேண்டும். இதற்கெல்லாம் எடுக்கும் ஆண்டுகளை உங்கள் வீட்டுக் குழந்தையின் வயதிலிருந்து கழித்துப் பாருங்கள். தாய் கொடுத்த எதிர்ப்பாற்றல் ஒன்பது மாதத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். அதனால்தான் தட்டம்மை ஊசியை ஒன்பதாம் மாதத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கும் ஆய்வுக்கூடத்தின் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. அகமதாபாத்தின் சைடஸ் கடிலா நிறுவனம் செய்த ‘சைகோவ்-டி’ கொரோனா தடுப்பு மருந்துக்கு 2021 ஆகஸ்ட் 20 அன்று அவசரகால அனுமதி கிடைத்தது. டி.என்.ஏ. முறையில் மனிதருக்கென அனுமதி பெற்ற உலகின் முதல் தடுப்பு மருந்து அது. ஊசி கிடையாது. சுருள்வில்லின் விசையில் மருந்து மயிரிழைத் தாரையாகப் பாய்ந்து தோலுக்குள் இறங்கும். பன்னிரண்டு வயது நிறைந்தவர்களுக்கும் போடலாம் என்றார்கள். நோய்த் தடுப்புத் திறன் 66.6 சதவீதம் என்று இடைக்கால முடிவு. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒரு தவணைக்கு இரண்டு கையிலும் ஒவ்வொன்று, 28 நாள் இடைவெளியில் மூன்று தவணை. மருந்துக்கு 265 ரூபாய், பாய்ச்சும் கருவிக்கு 93 ரூபாய், வரி தனி. ஒன்றிய அரசு ஒரு கோடி தவணைக்கு ஆணை கொடுத்து, முதலில் தரப்போகும் ஏழு மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாட்டையும் சேர்த்தது. பாட்னாவில் போடத் தொடங்கியபோது 2022 பிப்ரவரி. அதற்குள் ஒமைக்ரான் அலை நாடெங்கும் அடித்துக் கடந்திருந்தது. 2022 மார்ச் 16-இல் பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அரசு போட ஆரம்பித்ததும் கோர்பிவேக்ஸ்தான். அது ஊசி. ஊசியில்லாததுதான் வேண்டும் என்று 2021 ஆகஸ்டிலிருந்து ஒருவர் ஒற்றைக்காலில் நின்றிருந்தால், அந்த அலை முழுவதையும் வெறுங்கையோடு சந்தித்திருப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோல்வழித் தடுப்பு மருந்து ஏதோ புதிதாக வரப்போகும் அதிசயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நம் ஒவ்வொருவரின் இடது தோளிலும் தழும்பாக இருக்கிறது. பிறந்தவுடன் காசநோய்க்காகப் போடும் பி.சி.ஜி. தோலுக்குள்தான் போடப்படுகிறது. போலியோ ஊசியும் இந்தியாவில் 2016-இலிருந்து அப்படியே: தசையில் போட்டால் 0.5 மில்லி தேவைப்படும் மருந்தை, தோலுக்குள் 0.1 மில்லியாக, ஐந்தில் ஒரு பங்காகப் போடுகிறார்கள். ஆறாம் வாரம், பதினான்காம் வாரம் என்றிருந்ததோடு 2023-இலிருந்து ஒன்பதாம் மாதமும் ஒன்று சேர்ந்திருக்கிறது. அளவு குறைவாக இருந்தும் அது வேலை செய்வதற்குக் காரணம் தோல்தான். தோலுக்குள் காவல் அணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன. பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் 1868-இல் நுண்ணோக்கியில் பார்த்து, நரம்பணு என்று தப்பாக எண்ணிய அணுக்கள் அவை. வெளியிலிருந்து வந்த சரக்கைப் பிடித்து, நிணநீர்க் கணுவரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிக்கொடுப்பது அவற்றின் வேலை. தசையில் அந்தக் காவல் அவ்வளவு நெருக்கம் இல்லை.

ஆனால் தோலுக்குள் போடுவது கைப்பழக்கம். நம்மூரில் பால்வெட்டுக்காரர் விடியற்காலையில் ரப்பர் மரத்தில் கத்தி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது, ஆழமாகப் போனால் தடியில் காயம் பட்டு மரம் கெடும், பட்டைக்குள்ளேயே நிற்க வேண்டும். செவிலியரின் ஊசி முனைக்கும் அதே கட்டுப்பாடு. ஊசியைத் தோலோடு தோலாகச் சாய்த்து, துளை மேல்நோக்கியிருக்க, முனை மட்டும் உள்ளே போய் நின்றதும் மருந்தை மெல்ல அழுத்தினால், அந்த இடம் வெளுத்து ஒரு கொப்புளம் எழும். கொப்புளம் எழாவிட்டால் மருந்து கீழே இறங்கிவிட்டது என்று பொருள். ஒட்டுப்பட்டையும் தாரைக் கருவியும் இந்தத் திறமையை மனிதக் கையிலிருந்து வாங்கி ஒரு கருவிக்குள் வைக்கின்றன, அவ்வளவுதான். அந்தக் கை இன்றைக்கு உங்கள் அங்கன்வாடிக்கு வருகிறது. காசு வாங்காமல் வருகிறது.

ஒரு புதன்கிழமை போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் தடுப்பூசிக்குப் புதன்கிழமை. கிராம சுகாதார செவிலியர் தோளில் ஐஸ் கட்டி வைத்த பெட்டியோடு வருவார். பதினான்கு வாரப் பிள்ளை என்றால் முதலில் வாயில் போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும். பிறகு ஒரு தொடையில் பென்டா, மறு தொடையில் நிமோனியாவுக்கானது, மேற்கையில் அந்த 0.1 மில்லி. மூன்று குத்து. மூன்றாவது குத்துக்குள் பிள்ளை நீலம் பூத்தாற்போல் அலறும், தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “எனக்கக் கண்கொண்டு பாக்கப் பற்றாது சிஸ்டரே” என்பாள். செவிலியர் ஊசியின் முனையை வெட்டும் கருவியில் விட்டு நறுக்கிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார். தாய் மார்போடு சேர்த்ததும் இரண்டு நிமிடத்தில் அழுகை நிற்கும். அரைமணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள், ஏதாவது ஒவ்வாமை வந்தால் பார்த்துக்கொள்வதற்காக. அன்று ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், அதற்கும் மருந்து கொடுத்தனுப்புவார்கள். அந்த ஒரு ராத்திரி தூக்கம் கெடும். கெடட்டும்.

நீங்கள் வராமல் போனால் என்ன ஆகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தட்டம்மை மருந்து பொடியாக இருக்கும், கரைத்துத்தான் போட வேண்டும். கரைத்தால் நான்கு மணி நேரம்தான் ஆயுள். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும், ஒரே ஒரு குழந்தை வந்தாலும் திறப்பார்கள். வர வேண்டியவர்கள் வராவிட்டால் மிச்சம் குப்பைக்குப் போகும். அடுத்த புதன்கிழமை நீங்கள் மட்டும் வந்தால் இன்னொரு குப்பி. அரசுப் பணம் என்று நாம் அலட்சியமாகச் சொல்வது இப்படியும் ஒழுகுகிறது.

இனி வீட்டுக்குள் வருகிறேன். பிள்ளைக்கு ஊசிப் பயத்தைக் கற்றுக்கொடுப்பது யார்? “சோறு தின்னலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டிருவேன்” என்று மிரட்டுகிற ஒவ்வொரு பெரியவரும்தான். தப்புக்குத் தண்டனையாக ஊசியைக் காட்டி வளர்த்த பிள்ளை, பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தில் ரணஜன்னி, தொண்டை அடைப்பானுக்கான ஊசி போட வரும்போது கழிவறையில் போய் ஒளிந்துகொள்ளத்தான் செய்யும். இந்தப் பேச்சை இன்றைக்கே நிறுத்துங்கள். நோகாது என்று பொய்யும் சொல்லாதீர்கள். “நோவும் மக்களே, எண்ணி அஞ்சு சொல்லும்முன்ன போயிரும், அம்மா பிடிச்சுக்கிடுதேன்” என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு உங்கள் வார்த்தையில் நம்பிக்கை நிற்கும். பயம் உங்களுக்குத்தான் என்றால் அதையும் மறைக்க வேண்டாம், தூக்கிக்கொண்டு போகும் வேலையை வீட்டில் வேறொருவருக்குக் கொடுங்கள். தகப்பன்மாரே, உங்களைத்தான். அங்கன்வாடி வாசலில் வரிசையில் நிற்பது பெண்களின் வேலை என்று எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. காய்ச்சல் என்று போனால், மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னாலும் “ஒரு ஊசி போடுங்க டாக்டரே, சீக்கிரம் மாறும்” என்று சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நிற்கிறவர்கள் நாம். தேவையில்லாத ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வோம். பிள்ளைக்குத் தேவையான ஊசிக்கு மட்டும் ஆயிரம் யோசனை. ஊசி கண்டு நடுங்குவதாகச் சொல்லும் ஊர் இது என்று யாராவது எழுதினால் நான் நம்ப மாட்டேன்.

இந்த மண்ணுக்குத் தடுப்பு மருந்து புதிதும் இல்லை. அருமனையும் விளவங்கோடும் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. அங்கே ராணி கௌரி லட்சுமிபாய் 1813-இல் அம்மை குத்துவதற்கென்று ஏற்பாடு செய்தார். ஜனங்கள் பயப்படாமல் இருக்க அரண்மனைக்காரர்கள் முதலில் குத்திக்கொண்டார்கள். அன்றைக்கு ஊசிகூட இல்லை. தோலைக் கீறி மருந்தைத் தடவினார்கள், புண்ணாகிப் பொருக்குத் தட்டி ஆறும்வரை நாள்கணக்காகும். 1879-இல் அரசு ஊழியர்களும் கைதிகளும் அரசுப் பள்ளி மாணவர்களும் கட்டாயம் குத்திக்கொள்ள வேண்டும் என்று அரசாணை வந்தது. இப்படிக் கீறித் தடவித் தொடங்கியதுதான் கடைசியில் பெரியம்மையை உலகத்திலிருந்தே விரட்டியது. இந்தியாவில் கடைசியாக அது கண்டது 1975 மே மாதம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கையில் அந்தத் தழும்பு இருக்கும், கேட்டுப் பாருங்கள். நாம் இன்றைக்கு அலுத்துக்கொள்வது அந்தக் கீறலில் நூறில் ஒரு பங்கு வலிக்கு.

சந்தேகப்படுவது தப்பென்று நான் சொல்லவில்லை. 1955-இல் ராஜாஜியே பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்து எழுதினார், கூட்டம் போட்டுப் பேசினார். பிறகு செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று காட்டியது. அதை யாரும் மூடி மறைக்கவில்லை, உலகத்துக்கே தெரியும்படி வெளியிட்டார்கள். குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது என்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். சந்தேகத்துக்கு இப்படித்தான் பதில் தேட வேண்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடந்தபோது நாம் என்ன செய்தோம்? யார் எழுதியது என்றே தெரியாத வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! கேள்வி இருந்தால் செவிலியரிடம் கேளுங்கள், மருத்துவரிடம் கேளுங்கள். பெயரில்லாதவன் அனுப்பியதைப் பத்துப் பேருக்குத் தட்டிவிடும் விரலுக்குக் கொஞ்சம் வெட்கம் வேண்டும்.

ஊசியில்லை என்றாலே ஆபத்தில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். மருந்தைப் பாய்ச்சும் பழைய துப்பாக்கிகளை ஆளுக்கு ஆள் ஒரே முனையோடு பயன்படுத்திய காலம் ஒன்று இருந்தது. 1980-களின் நடுவில் கலிஃபோர்னியாவில், எடை குறைக்கும் சிகிச்சை நடந்த ஓரிடத்தில் அப்படி ஒரு கருவி வழியாகவே மஞ்சள்காமாலை பி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியது. அதற்குப் பிறகுதான் ஆளுக்கொரு முனை, போட்டதும் எறிந்துவிடுவது என்று வடிவம் மாறியது. இன்று அரசு முகாமில் இருக்கும் ஊசியும் ஒரு தடவை அழுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க முடியாது. உறையைப் பிரிப்பதை உங்கள் கண்முன் செய்யச் சொல்லலாம். அது உங்கள் உரிமை, யாரும் கோபப்பட மாட்டார்கள்.

நாய்க்கடி ஊசி என்றாலும் இதே பயப் பேச்சுதான். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் நம் வீடுகளில் உலவுகிறது. அந்த மருந்தை நிறுத்தி இருபது ஆண்டுகளாகிறது. இப்போது அரசு மருத்துவமனையில் இரண்டு கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி, அன்றைக்கும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், இருபத்தெட்டாம் நாளும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அப்போதே கிளம்ப வேண்டும். ஆழமான கடியென்றால் காயத்திலேயே வேறொரு மருந்தும் போடுவார்கள். மிளகாய் அரைத்துப் பூசுவது, சுண்ணாம்பு தடவுவது, மந்திரித்துக் கயிறு கட்டுவது எல்லாம் உயிரோடு விளையாட்டு. நோய் தலைகாட்டிய பிறகு எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது. குழந்தை அடி விழும் என்று பயந்து கடியை மறைக்கும். அடிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உங்கள் பிள்ளை உங்கள் பிள்ளை மட்டும்தான் என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். தட்டம்மை கண்ட ஒருவர் இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் கிருமி காற்றிலேயே நிற்கும். பாதுகாப்பில்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டும். ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் அது பரவ வழியில்லாமல் அடங்கும். இந்த ஊரில் கிறிஸ்துமஸ் சமயம் கூடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். களியக்காவிளையில் எல்லை தாண்டி வரும் பஸ்களை நினைத்துப் பாருங்கள். அந்த நெருக்கத்தில், ஊசி போடும் வயதே வராத ஆறு மாதப் பிள்ளையும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பதால் ஊசி போட முடியாத பிள்ளையும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் பிள்ளையின் கையில் விழும் குத்துதான் வேலி. மலப்புறத்தில், படிப்பிலும் மருத்துவ வசதியிலும் குறையில்லாத கேரளத்தில், 2015-இலும் 2016-இலும் தொண்டை அடைப்பான் திரும்ப வந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது. தடுப்பூசி விட்டுப்போனவர்கள் கூடியிருந்த இடம் பார்த்து வந்தது.

ஆகவே, பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இப்போதே எடுங்கள். தொலைந்துவிட்டது என்று கூச்சப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம், செவிலியரிடம் பதிவு இருக்கும். நாள் தவறிவிட்டதே, திட்டுவார்களோ என்றும் தயங்க வேண்டாம். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். விட்டுப்போன ஊசிக்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, நின்ற இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை–ரூபெல்லாவை ஐந்து வயதுவரை போட்டுக்கொள்ள முடியும், கக்குவான், தொண்டை அடைப்பான், ரணஜன்னிக்கானதை ஏழு வயதுவரை. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டியதை மூத்த பிள்ளைகளுக்குப் போட்டாயிற்றா என்றும் அதோடு பார்த்துவிடுங்கள். லேசான சளி, மூக்கொழுகல் என்று நீங்களே முடிவுசெய்து பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டிக்கொண்டு போய் செவிலியரிடம் காட்டுங்கள். போடலாமா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.